சிப்பந்திகளின் பரீட்சையும் சங்கத்தின் க்ஷேமமும்

(படிப்பு வட்டங்களில் வாசித்து விவாதிப்பதற்குரிய பாடம்)

சங்கத்தின் பணம் அங்கத்தினரின் உழைப்பு. அந்தப் பணத்தைக் கணக்கில் ஏற்றுகிறவர் யார், அவர் அந்த நாற்காலிக்கு எவ்விதம் வந்தார் என்பதை அறிந்துகொள்வது ஒவ்வோர் அங்கத்தினருடைய உரிமையும் கடமையும் ஆகும். குமாஸ்தாவாக இருந்த ஒருவர் காரியதரிசியாக உயர்கிறார். நியாய விலைக் கடையில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தவர் விற்பனையாளர் ஆகிறார். ஊரார் இதைக் கேட்டுச் சந்தோஷப்படுகிறார்கள். அல்லது, "அவருக்கு வேண்டியவர் மேலே இருக்கிறார்" என்று முணுமுணுக்கிறார்கள். இவ்விரண்டுக்கும் நடுவில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எதைக் கொண்டு அவர் உயர்த்தப்பட்டார்? இந்தப் பாடம் அந்தக் கேள்வியைப் பற்றியது.

1. அத்திப்பட்டு காட்டும் உதாரணம்

பொன்னேரித் தாலூகாவைச் சேர்ந்த அத்திப்பட்டு, எண்ணூர்க் கழியை அடுத்த ஊர். உப்பளமும் மீன்பிடித்தலும் பயிர்த்தொழிலும் இப்பக்கத்தாரின் பழைய ஜீவனங்கள். 1994 முதல் 1996 வரையுள்ள வருஷங்களில் வட சென்னை அனல் மின் நிலையத்தின் முதல் மூன்று அலகுகள், ஒவ்வொன்றும் 210 மெகாவாட் சக்தியுடையவை, இங்கே இயங்கத் தொடங்கின. அருகில் எண்ணூர்த் துறைமுகம் 2001-ம் வருஷத்தில் திறக்கப்பட்டு, 2014-ல் காமராஜர் துறைமுகம் என்று பெயர் பெற்றது. கும்மிடிப்பூண்டி செல்லும் ரயில் பாதையில் அத்திப்பட்டு என்றும் அத்திப்பட்டுப் புதுநகர் என்றும் இரண்டு நிலையங்கள் உள்ளன.

இத்தகைய ஊரில், பரீட்சை என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு நின்றுவிடுகிற விஷயம் அன்று. மின் நிலையத்திலும் ரயில் பாதையிலும் அஞ்சலகத்திலும் அடிப்படியில் சேர்ந்து வேலை செய்யும் குடும்பஸ்தர் பலர். மேற்படிக்குப் போவதற்காக முப்பது நாற்பது வயதிலும் இரவு வேலை முடிந்து வந்து புத்தகத்தைத் திறக்கிறவர்களும் அவர்களுள் உண்டு. அவர்கள் எழுதும் பரீட்சைக்கு உட்பரீட்சை அல்லது இலாகாப் பரீட்சை என்று பெயர். தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் இதனைத் துறைத் தேர்வு என்று வழங்குகின்றனர்.

2. உட்பரீட்சை என்பது யாது?

வெளியிலிருந்து ஒருவரை வேலைக்குச் சேர்ப்பதற்கு நடப்பது நியமனப் பரீட்சை. ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்கு நடப்பது உட்பரீட்சை. இது இருவகைப்படும்.

முதலாவது வகை தகுதிப் பரீட்சை. இதில் குறித்த மதிப்பெண்ணைப் பெற்றவர் எல்லோரும் தேறியவரே. ஒருவர் தேறுவதால் மற்றொருவர் தோற்பதில்லை. தேறியவர்களுக்குள் யார் முதலில் உயர்வது என்பதைச் சேவை மூப்பு முதலான விதிகள் தீர்மானிக்கும்.

இரண்டாவது வகை போட்டிப் பரீட்சை. காலியிடம் பத்து இருந்தால் முதல் பத்துப் பேருக்கே இடம். இதில் சேவையில் இளையவர் மூத்தவரை முந்திச் செல்லவும் கூடும்.

இவ்விரண்டையும் ஒன்றென்று எண்ணுவதால் வீண் மனஸ்தாபம் உண்டாகிறது. "நானும் தேறினேன், எனக்கு ஏன் உயர்வு இல்லை?" என்று கேட்பவர், தாம் எழுதியது எந்த வகைப் பரீட்சை என்பதை முதலில் விசாரித்து அறிய வேண்டும்.

3. இதன் பூர்வ சரித்திரம்

பொதுக் காரியத்துக்கு வருபவருடைய தகுதியைச் சோதிக்கும் வழக்கம் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், உத்தரமேரூர்ச் சபையார் தங்கள் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கல்லில் வெட்டி வைத்தனர். வயது முப்பத்தைந்துக்குக் குறையலாகாது, எழுபதுக்கு மேற்படலாகாது. வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையும் கல்வியும் வேண்டும் என்பன அவ்விதிகளிற் சில. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்கே உரியவரல்லர் என்பது மற்றொரு விதி. அக்காலத்துச் சபை ஒரு வகுப்பாருக்கே உரியதாயிருந்தது. இக்காலத்துச் சங்கமோ எல்லோருக்கும் திறந்தது. ஆனாலும், கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை என்ற விதி ஆயிரம் வருஷம் கழிந்த பின்னும் பழையதாகிவிடவில்லை.

பிற்காலத்தில், வேலையில் சேர்ந்த பின் பரீட்சை எழுதும் முறை சென்னைப் பட்டணத்திலேயே வேரூன்றியது. 1812-ம் வருஷத்தில் எல்லிஸ் துரை முதலானோருடைய முயற்சியால் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி ஏற்பட்டது. இங்கிலாந்திலிருந்து வந்த இளம் உத்தியோகஸ்தர்கள் தமிழ், தெலுங்கு முதலிய பாஷைகளை அங்கே கற்றுப் பரீட்சை கொடுத்தனர். உயர்ந்த தேர்ச்சி அடைந்தவருக்கு 1,000 வராகன் வெகுமதி அளிப்பதும் உண்டு. குடியானவன் சொல்லும் குறை அவன் பாஷையிலேயே விளங்காவிட்டால் அதிகாரம் இருந்தும் பயனில்லை என்பதே அதன் கருத்து. இன்றைக்கும் தமிழைப் பாடமாகப் படிக்காமல் அரசு வேலைக்கு வந்தவர், தேர்வாணையம் நடத்தும் தமிழ் மொழித் தேர்வில் தேற வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தில் 1854-ம் வருஷத்து நார்த்கோட்-டிரெவெல்யன் அறிக்கை, சிபார்சினால் உத்தியோகம் கொடுக்கும் வழக்கத்தை விட்டுப் பரீட்சையால் ஆள் எடுக்க வேண்டும் என்றும், உயர்வு தகுதியைப் பொறுத்திருக்க வேண்டும் என்றும் கூறிற்று. அடுத்த வருஷமே இந்திய சிவில் சர்வீஸுக்குப் போட்டிப் பரீட்சை தொடங்கியது. ஆனால் அது லண்டனில் மாத்திரமே நடந்தது. இந்தியாவிலும் நடக்கத் தொடங்கியது 1922-ம் வருஷத்திலேதான். கதவு திறந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, அந்தக் கதவைக் கடலுக்கு அப்பால் வைத்தால் யாருக்கு லாபம்? விதி மாத்திரம் நியாயமாயிருந்தால் போதாது. பரீட்சை நடக்கும் இடமும் காலமும் பாஷையும்கூட நியாயமாயிருக்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

சென்னை மாகாணத்தில் 1929-ம் வருஷத்துச் சட்டத்தின் வழியே சர்வீஸ் கமிஷன் ஏற்பட்டது. இந்திய மாகாணங்களுள் இத்தகைய கமிஷனை முதலில் அமைத்தது சென்னையே. அதன் வழிவந்ததே இன்றைய தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம். அரசியலமைப்பின் 16-ம் பிரிவு அரசு வேலையில் எல்லோருக்கும் சம சந்தர்ப்பம் அளிக்கிறது. 320-ம் பிரிவு, நியமனத்துக்கு மட்டுமின்றி, உயர்வுக்கும் ஒரு சர்வீஸிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதற்கும் உரிய கொள்கைகளைப் பற்றியும் ஆணையத்தைக் கலந்துகொள்ளச் சொல்கிறது.

4. இக்காலத்து நடைமுறை

தேர்வாணையம் துறைத் தேர்வுகளை வருஷத்துக்கு இருமுறை, மே மாதத்திலும் டிசம்பர் மாதத்திலும், நடத்தும் வழக்கமுடையது. கணக்குத் தேர்வு, அலுவலக நடைமுறைத் தேர்வு முதலியன பல இலாகாக்களுக்கும் பொதுவானவை. அந்தந்த இலாகாவின் சட்டங்களைப் பற்றிய தனித் தேர்வுகளும் உண்டு. இன்ன பதவிக்கு இன்ன தேர்வு என்பது விதியில் எழுதப்பட்டிருக்கும். சிலவற்றில் தேறினால்தான் தகுதிகாண் பருவம் முடியும். வேறு சிலவற்றில் தேறினால்தான் மேற்பதவிக்குரிய பட்டியலில் பெயர் ஏறும்.

இத்தேர்வுகளில் கிராமத்தார் அறியத்தக்க ஓர் விசேஷம் உண்டு. சில தாள்கள் "புத்தகமின்றி" எழுத வேண்டியவை. சில தாள்கள் "புத்தகத்துடன்" எழுதத்தக்கவை. புத்தகத்தைப் பார்த்து எழுதுவது பரீட்சையா என்று சிலர் நகைப்பார்கள். ஆயிரம் பக்கத்து விதிநூலில் வேண்டிய விதி எங்கேயிருக்கிறது என்று சில நிமிஷங்களில் கண்டு, அதைக் கேள்வியிலுள்ள சங்கதிக்குப் பொருத்துவது எளிதன்று. நாள்தோறும் செய்யும் வேலை மனத்திலேயே இருக்க வேண்டும். எப்போதாவது வரும் சிக்கலுக்குப் புத்தகத்தைப் புரட்டத் தெரிந்திருக்க வேண்டும். நல்ல குமாஸ்தாவுக்கு இவ்விரு திறமைகளும் அவசியம்.

அடிப்படியிலிருந்து ஏறும் வழிக்கு அஞ்சல் இலாகா நல்ல உதாரணம். கிராமக் கிளை அஞ்சலகங்களில் வேலை செய்யும் கிராமிய அஞ்சல் ஊழியர்கள் உட்பரீட்சை எழுதித் தபால்காரர் ஆகலாம். தபால்காரர் மற்றொரு பரீட்சை எழுதி அஞ்சல் உதவியாளர் ஆகலாம். அவரும் உரிய சேவைக்காலம் முடிந்தபின் போட்டிப் பரீட்சையில் வென்று அஞ்சல் இன்ஸ்பெக்டர் ஆகலாம். தமிழ்நாட்டுப் போலீஸ் இலாகாவில், நேரடியாக எடுக்கப்படும் சப்-இன்ஸ்பெக்டர் இடங்களில் ஒரு பகுதி ஏற்கெனவே போலீஸ் வேலையில் இருப்பவர்களுக்கென்று ஒதுக்கப்படுகிறது. ரயில்வேயில் தண்டவாளத்தைப் பராமரிக்கும் தொழிலாளி, உரிய கல்வித் தகுதியும் தேக நிலையும் உடையவராயின், இலாகாப் போட்டிப் பரீட்சையின் வழியே உதவி ரயில் ஓட்டுநர் முதலிய வேலைகளுக்குப் போவதுண்டு.

5. வேறு வேலைக்கு மாறுதல்

உட்பரீட்சையின் பயன் மேலே ஏறுவது மாத்திரம் அன்று. பக்கத்து வழிக்கு மாறுவதும் அதன் பயனே. தமிழ்நாட்டு அரசு விதிகளில் பணிமாற்ற நியமனம் என்று ஒரு முறை உண்டு. அலுவலக உதவியாளராகவோ பதிவறை எழுத்தராகவோ இருப்பவர், வேண்டிய கல்வித் தகுதியை அடைந்தால், இளநிலை உதவியாளர் பதவிக்கு மாறலாம். கோப்பைத் தூக்கிச் சென்றவர் அந்தக் கோப்பில் குறிப்பு எழுதுகிறவர் ஆகிறார்.

இதனினும் முக்கியமான மாற்றம் ஒன்று உண்டு. ரயில் ஓட்டுநரின் கண்பார்வை குறித்த காலங்களில் சோதிக்கப்படுகிறது. பார்வை குறைந்துவிட்டால் அவர் ரயிலை ஓட்டலாகாது. ஏனெனில் பின்னாலிருக்கும் பிரயாணிகளின் உயிர் அவர் கண்ணில் இருக்கிறது. ஆயினும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவது நியாயமன்று. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ம் பிரிவு, சேவைக் காலத்தில் அங்கஹீனம் நேர்ந்த அரசு ஊழியரை வேலையிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. பழைய வேலைக்கு அவர் தகுதியற்றவராயின், அதே சம்பளத்தில் வேறு தகுந்த பதவிக்கு மாற்ற வேண்டும். அத்தகைய பதவி இல்லையாயின், கிடைக்கும் வரையில் உபரிப் பதவியொன்றில் வைத்திருக்க வேண்டும். 1995-ம் வருஷத்து முந்திய சட்டத்திலும் இவ்விதி இருந்தது. புகையும் கரித்தூளும் கனத்த இயந்திரங்களும் சூழ்ந்த ஊரிலுள்ள குடும்பங்கள் இதை அறிந்திருப்பது மிக அவசியம். வேலையில் கையிழந்தவருடைய மனைவி, "இனி என்ன செய்வது?" என்று கலங்கி நிற்கையில், இப்படி ஒரு சட்டம் உண்டு என்று எடுத்துச் சொல்ல ஊரில் ஒருவராவது இருக்க வேண்டும்.

6. சங்கத்துக்கு இதனால் என்ன?

இந்திய அரசாங்கம் 1904-ம் வருஷத்தில் கூட்டுறவுச் சட்டத்தை நிறைவேற்றியது. அவ்வருஷமே ஆகஸ்டு மாதத்தில் சென்னை மாகாணத்தின் முதல் கிராமக் கடன் சங்கம் திரூரில் பதிவாயிற்று. அத்திப்பட்டும் திரூரும் இன்று ஒரே திருவள்ளூர் ஜில்லாவில் இருக்கின்றன. கிராமச் சங்கம் சிறிதாயிருந்த காலத்தில், எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் ஒழிந்த வேளையில் கணக்கு எழுதினாலும் போதுமானதாயிருந்தது. இன்றைய சங்கமோ வைப்புத்தொகை வாங்குகிறது; நகைக் கடனும் பயிர்க் கடனும் கொடுக்கிறது; உரம் விற்கிறது; நியாய விலைக் கடை நடத்துகிறது. ஆதலின் சங்கங்களில் உதவியாளர் முதலிய வேலைகளுக்குக் கூட்டுறவுப் பயிற்சி வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். கணக்குப் பதிவியல், கூட்டுறவுச் சட்டம், தணிக்கை, வங்கியியல் முதலியன அப்பயிற்சியின் பாடங்கள்.

இப்பயிற்சியின் பயன் யாது என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். ஒரு சங்கத்தில் ஒரு நாள் நடந்த வரவு செலவு பின்வருமாறு இருந்ததாக வைத்துக்கொள்ளலாம்:

காலை ரொக்க இருப்பு: ரூ. 12,450
கடன் தவணை வரவு: ரூ. 9,500
பங்குத்தொகை வரவு: ரூ. 500
சேமிப்பு வைப்பு வரவு: ரூ. 3,000
ஆகக் கூடுதல்: ரூ. 25,450

கடன் வழங்கியது: ரூ. 15,000
மின் கட்டணம்: ரூ. 730
மத்திய வங்கியில் கட்டியது: ரூ. 5,000
ஆகச் செலவு: ரூ. 20,730

மாலை ரொக்க இருப்பு: ரூ. 4,720

பெட்டியிலுள்ள பணத்தை எண்ணினால் ரூ. 4,720 சரியாயிருக்கிறது. ஆனால் புஸ்தகத்தில் குமாஸ்தா கைதவறி ரூ. 4,270 என்று எழுதிவிட்டார். பெட்டியில் ரூ. 450 அதிகமாக இருப்பதுபோல் தோன்றுகிறது. இந்த நிலைமையில் மூன்று விதமான குமாஸ்தாக்களை நினைத்துப் பார்க்கலாம்.

முதலாமவருக்குக் கணக்குப் பயிற்சி இல்லை. அவர் திகைத்துப் போய், கணக்கை ஒப்பேற்றுவதற்காக ரூ. 450-ஐ ஏதோ ஓர் அங்கத்தினரின் பெயரில் வரவு வைத்துவிடுகிறார். ஒரு பிழை இரண்டு பிழையாகிறது. ஆறு மாதத்துக்குப் பின் தணிக்கையாளர் வரும்போது அதை அவிழ்ப்பது கடினம்.

இரண்டாமவர் பயிற்சி பெற்றவர். வித்தியாசம் ஒன்பதால் மீதமின்றி வகுபட்டால், இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கக்கூடும் என்பது கணக்கர்கள் அறிந்த குறிப்பு. 450-ஐ ஒன்பதால் வகுத்தால் 50, மீதமில்லை. அது நிச்சயமான சான்று ஆகாவிட்டாலும், எங்கே தேட வேண்டும் என்று காட்டுகிறது. அவர் கூட்டலைத் திரும்பப் போட்டுப் பார்த்து, 72 என்பது 27 ஆனதைக் கண்டுபிடித்து, தவற்றை அழிக்காமல் ஒரு கோடிட்டு அடித்து, சரியான தொகையை மேலே எழுதி, கையொப்பமும் தேதியும் இடுகிறார், காரியதரிசிக்கும் தெரிவிக்கிறார்.

மூன்றாமவரும் பயிற்சி பெற்றவரே, பிழையையும் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் ரூ. 450-ஐச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, புஸ்தகத்தில் 4,270-ஐ அப்படியே விட்டு, அதற்கேற்ப ஒரு செலவுச் சீட்டையும் திருத்திவிடுகிறார்.

முதலாமவரையும் இரண்டாமவரையும் பரீட்சை பிரித்துக் காட்டும். ஆனால் இரண்டாமவரையும் மூன்றாமவரையும் எந்தப் பரீட்சையும் பிரித்துக் காட்டாது. இருவரும் ஒரே விடையை எழுதி, ஒரே மதிப்பெண்ணைப் பெறுவார்கள். இதுவே இந்தப் பாடத்தின் மையம். பரீட்சை அறிவைக் காட்டும் தராசு. நாணயத்தைக் காட்டும் தராசு வேறு. நாணயத்தை அறிவதற்குத் திடீர்ச் சோதனையும், ஆண்டுத் தணிக்கையும், சேவைப் பதிவேடும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தம் பாஸ் புஸ்தகத்தைத் தாமே வாசித்துப் பார்க்கும் அங்கத்தினரும் வேண்டும்.

ஆகவே, "நல்லவர்தான், பரீட்சை எதற்கு?" என்று கேட்பவரும், "பரீட்சையில் தேறிவிட்டார், மேற்பார்வை எதற்கு?" என்று கேட்பவரும் சமமாகவே தவறு செய்கிறார்கள். முன்னவர் சங்கத்தை முதலாவது குமாஸ்தாவிடம் ஒப்படைக்கிறார். பின்னவர் மூன்றாவது குமாஸ்தாவிடம் ஒப்படைக்கிறார்.

7. பரீட்சை கெடுகிற வழிகள்

தராசே பொய்யாய்விடுவதும் உண்டு. ரயில்வேயில் 2025-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் இவ்வாறு நேர்ந்தது. கிழக்கு மத்திய ரயில்வேயில் ஓர் உட்பரீட்சையின் வினாத்தாள் பணத்துக்காக முன்கூட்டியே வெளியானதாக எழுந்த குற்றச்சாட்டின் பேரில், மத்தியப் புலனாய்வு இலாகா உத்தியோகஸ்தர்களையும் ஊழியர்களையும் கைது செய்தது. அதன்மேல் ரயில்வே வாரியம், முடிவாகாமல் நிலுவையிலிருந்த இத்தகைய உட்தேர்வுகளை ரத்து செய்து, இனி இலாகாப் பரீட்சைகளை ரயில்வே தேர்வு வாரியங்களின் பொறுப்பில் கணினி வழியாக நடத்துவதென்று தீர்மானித்தது. நேர்மையாகப் படித்துத் தயாராயிருந்த தொழிலாளியும் இந்த ரத்தினால் காத்திருக்க வேண்டியதாயிற்று. சிலருடைய குற்றத்தின் சுமை நிரபராதியின் தலையிலும் விழுகிறது. வினாத்தாளை விற்பது சிறு குற்றமன்று என்பதற்கு இதுவே போதிய காரணம்.

இதிலிருந்து சங்கங்கள் கொள்ளத்தக்க விதி ஒன்று: பாடம் சொல்லிக்கொடுப்பவர், பரீட்சை வைப்பவர், உயர்வு கொடுப்பவர் ஆகிய மூவரும் ஒருவராகவே இருக்கலாகாது. தலைவருடைய உறவினர் எழுதும் பரீட்சைக்குத் தலைவரே வினாத் தயாரித்தால், அவர் எவ்வளவு நேர்மையானவராயினும் ஊரார் நம்பமாட்டார்கள். நம்பிக்கை போன சங்கத்தில் வைப்புத்தொகை நிற்காது.

இரண்டாவது கேடு, நேரமில்லாதவனுக்குப் பரீட்சை வைத்துவிட்டுத் தோற்றான் என்று சொல்வது. மூன்று முறை மாற்றி வேலை செய்யும் தொழிலாளிக்கும், சங்க வேலையோடு வீட்டு வேலையும் சுமக்கும் பெண் சிப்பந்திக்கும், புத்தகம் வாங்க வசதியில்லாதவருக்கும் அது லண்டனில் நடந்த பரீட்சையைப் போன்றதே.

மூன்றாவது கேடு, அனுபவத்தை அற்பமாக எண்ணுவது. இருபது வருஷம் நகை மதிப்பிட்டவருடைய விரலுக்குத் தெரிவது எல்லாம் தாளில் எழுத வராது. ஆதலால்தான் உயர்வு விதிகள் பரீட்சையோடு சேவைக் காலத்தையும் நடத்தையையும் சேர்த்துப் பார்க்கின்றன. பரீட்சை கதவைத் திறக்கும் சாவிகளில் ஒன்று; ஒரே சாவி அன்று.

8. அங்கத்தினர் செய்யத்தக்கவை

முதலாவது: சங்கத்தின் துணைவிதிகளைக் கேட்டு வாங்கி வாசிக்க வேண்டும். சிப்பந்திகளின் நியமனம், பயிற்சி, உயர்வு ஆகியவற்றுக்கு என்ன தகுதி விதிக்கப்பட்டிருக்கிறது என்று அறிந்துகொள்ள வேண்டும். விதி தெரியாதவருடைய முறையீடு முணுமுணுப்பாகவே முடியும்.

இரண்டாவது: உயர்வு கொடுக்கப்பட்டால், எந்தத் தகுதியின் பேரில் கொடுக்கப்பட்டது என்று பொதுக்குழுவில் மரியாதையாகக் கேட்கலாம். கேள்வி, சிப்பந்தியை அவமானப்படுத்துவதற்கன்று. முறையாக உயர்ந்தவருக்கு அதுவே கௌரவம்.

மூன்றாவது: பயிற்சிக்கோ பரீட்சைக்கோ போக விரும்பும் சிப்பந்திக்குச் சங்கம் உதவ வேண்டும். ஒரு தொகுதிப் பாடப்புத்தகங்களை வாங்கிச் சங்கத்திலேயே வைப்பது, பரீட்சை நாளில் விதிப்படி விடுமுறை அளிப்பது, அன்றைய வேலையை மற்றொருவர் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்வது ஆகியவற்றுக்கு அதிகச் செலவு ஆகாது.

நான்காவது: ரூ. 450 அதிகமிருந்ததைத் தாமாகவே தெரிவித்த இரண்டாவது குமாஸ்தாவைப் போன்றவருடைய செயலைச் சேவைப் பதிவேட்டில் எழுத வேண்டும். குற்றத்தை மாத்திரம் எழுதி, நற்செயலை எழுதாத பதிவேடு பாதிப் பதிவேடு.

ஐந்தாவது: அங்கத்தினரும் அதே பாடத்தைச் சிறிதளவாவது கற்க வேண்டும். பேரேட்டில் தம் பக்கத்தை வாசிக்கத் தெரிந்த நூறு அங்கத்தினர் இருக்கும் சங்கத்தில், மூன்றாவது குமாஸ்தாவுக்குத் துணிவு உண்டாகாது. சிப்பந்திக்குப் பரீட்சை வருஷத்தில் ஒரு நாள். அங்கத்தினருக்கோ பாஸ் புஸ்தகத்தைத் திறக்கும் ஒவ்வொரு நாளும் பரீட்சையே.

இரவு வேலை முடிந்து விடியற்காலை ரயிலில் இறங்கி, கண்ணைக் கசக்கிக்கொண்டு விதிநூலைத் திறக்கும் தொழிலாளி, தன் சம்பளத்துக்காகப் படிக்கிறான் என்பது உண்மையே. ஆனால் அவன் கற்றுக்கொள்ளும் ஒவ்வொரு விதியும் நாளைக்கு யாரோ ஒருவருடைய ஓய்வூதியத்தையோ, மணியார்டரையோ, பயிர்க் கடனையோ சரியான கையில் சேர்க்கும். ஆகையால் அவனுடைய விளக்கு அவன் வீட்டுக்கு மாத்திரம் எரிகிறது என்று எண்ணலாகாது.

படிப்பு வட்டத்துக்குரிய கேள்விகள்

1. தகுதிப் பரீட்சைக்கும் போட்டிப் பரீட்சைக்கும் வித்தியாசம் யாது? உங்கள் குடும்பத்திலோ தெருவிலோ உள்ளவர் எழுதியது எந்த வகை?

2. ரொக்கப் புஸ்தகத்தில் இருப்பு ரூ. 6,310, பெட்டியில் உள்ளது ரூ. 6,130. வித்தியாசம் எவ்வளவு? அது ஒன்பதால் மீதமின்றி வகுபடுகிறதா? குமாஸ்தா முதலில் எங்கே தேட வேண்டும்? தேடியும் பிழை அகப்படாவிட்டால் என்ன செய்ய வேண்டும்?

3. உத்தரமேரூர் விதிகளில் கணக்குக் காட்டாதவருடைய உறவினரையும் விலக்கியது சரியா? இக்காலத்துச் சங்கத்துக்கு அது பொருந்துமா? இரு பக்கத்தையும் விவாதிக்கவும்.

4. விபத்தில் ஒரு காலை இழந்த அரசு ஊழியர் ஒருவரிடம், "இனி உங்களுக்கு இங்கே வேலையில்லை" என்று சொல்லப்படுகிறது. அவர் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவை எடுத்துக்காட்டலாம்?

5. உங்கள் சங்கத்தில் கடைசியாக உயர்வு பெற்ற சிப்பந்தி எந்தத் தகுதியின் பேரில் உயர்ந்தார் என்பது உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிடில், அதை அறியும் முறையான வழி யாது?